மூன்றாம் மாதத்தில் தடை, ஒன்பதாம் மாதத்தில் வழியனுப்பு

கர்ப்பிணியின் பயணத்தைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு வழக்கங்கள் உண்டு. நாள் தள்ளிப்போனது உறுதியானதும், "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் எங்கேயும் அசையாதே" என்று சொல்லிவிடுவார்கள். பஸ் கூடாது, ஆட்டோ கூடாது, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூடப் போகக் கூடாது. இன்னொரு வழக்கம், தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பை முடித்து, இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் காரில் ஏற்றிவிடுவார்கள். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர். அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. நல்ல நேரம் பார்ப்பார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், அவ்வளவுதான். மருத்துவம் அறிந்த உண்மைகளை எதிரே வைத்துப் பார்த்தால், நாம் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமலும், தேவையில்லாத இடத்தில் நடுங்கிக்கொண்டும் இருக்கிறோம் என்பது தெரியும். வண்டியின் குலுக்கலை நினைத்துப் பயப்படுகிறோம். அசையாமல் உட்கார்ந்திருப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பெல்ட் போடாதது, வெயில், வழியில் ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாதது ஆகிய ஐந்தையும் கண்டுகொள்வதில்லை. பயணத்தின் உண்மையான அபாயங்கள் இந்த ஐந்தில்தான் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

முதலில் குலுக்கலைப் பார்ப்போம். "எங்க சித்தி பொண்ணு பஸ்ல போயிட்டு வந்தா, மறுநாளே கலைஞ்சுடுச்சு" என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் இருக்காது. அதைப் பொய் என்று தள்ளுவது சரியாகாது. அது நடந்திருக்கும். ஆனால் பயணத்தால்தான் நடந்ததா என்பது வேறு கேள்வி. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. அப்படிக் கலைபவற்றில் ஏறத்தாழ எண்பது சதவீதம் முதல் மூன்று மாதத்துக்குள் நிகழ்பவை. அவற்றில் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழை. கரு உருவான நேரத்திலேயே ஏற்பட்ட பிழை அது. அந்தப் பெண் பஸ்ஸில் ஏறியிருந்தாலும் கட்டிலை விட்டு இறங்காமல் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. இத்தனை கருச்சிதைவுகள் இந்த மூன்று மாதத்தில் நடக்கின்றன, இத்தனை பெண்கள் இதே மூன்று மாதத்தில் எங்காவது போய் வருகிறார்கள் என்றால், சிலருக்கு இரண்டும் அடுத்தடுத்த நாளில் நேரத்தான் செய்யும். போகாமல் இருந்தும் கலைந்தவர்களின் கதையை யாரும் பயணத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. அதனால் நம் நினைவில் ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும் தங்கிவிடுகிறது. இந்தத் தவறான கணக்கு பெண்ணின் தலையில் பழியாக வந்து விழுகிறது என்பதுதான் இதில் மிகவும் வருத்தமானது. கருவை இழந்த துக்கத்தோடு "நான் போயிருக்கக் கூடாதோ" என்ற குற்றவுணர்வையும் ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்கள். அந்தச் சுமைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

உடலின் அமைப்பும் இதையே காட்டுகிறது. பன்னிரண்டு வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்குள் பனிக்குட நீரில் கரு மிதக்கிறது. மேடுபள்ளத்தில் பஸ் தூக்கிப்போடுவது தாயின் முதுகுக்கு வேதனை, குமட்டலுக்குக் கேடு. கருவைப் பிடுங்கிவிடும் வலிமை அதற்கு இல்லை. அதே சமயம், அதிர்வே தீங்கற்றது என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கனரக வண்டிகளின் அதிர்வில் தினமும் பல மணி நேரம் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அது மாதக்கணக்கில் தொடரும் வேலை. ஒரு நாள் பயணத்தை அதோடு சேர்க்கக் கூடாது. ரத்தப்போக்கு இருப்பவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள், கருப்பைவாயில் தையல் போட்டவர்கள், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், ரத்தக்கொதிப்பு ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு இந்த அத்தியாயத்தின் பொதுவான கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லக் காரணம் மசக்கைதான். வாந்தியும் மயக்கமுமாக இருக்கும் உடம்போடு எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவது தண்டனை. தண்டனைதான், ஆபத்து இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால், ஸ்கேன் எடுக்கவோ பரீட்சை எழுதவோ போக வேண்டிய பெண் நிம்மதியாகப் போய் வருவாள்.

ஒன்பதாம் மாதக் கதை வேறு. மகப்பேறு மருத்துவர்கள் பயணத்துக்கு ஏற்ற காலமாகச் சொல்வது 14 முதல் 28 வாரம் வரை. வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பாரமாகியிருக்காது, அவசரம் நேரும் வாய்ப்பும் குறைவு. 28-க்குப் பிறகு நடப்பதும் நெடுநேரம் உட்காருவதும் சிரமம். 36-க்குப் பிறகு வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் மாதக் கணக்கு, மருத்துவமனையில் வாரக் கணக்கு. நான்கு வாரத்தை ஒரு மாதமாக எண்ணினால் ஒன்பதாம் மாதம் 32 வாரம் முடிந்ததும் பிறக்கும். காலண்டர் மாதமாக எண்ணினால் கிட்டத்தட்ட 35 வாரம் ஆகும். "ஒன்பது பொறந்துடுச்சு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வார வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போது இந்த மூன்று வாரம் பெரிய விஷயம். பஞ்சாங்கத்தோடு கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, அந்தத் தேதியில் எத்தனை வாரம் ஆகிறது என்று எண்ணிவிட்டு நாள் குறியுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களிடம் இன்னொரு காரணமும் இந்தப் பயணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் குழந்தையோடு இருக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, முடிந்தவரை கடைசி வாரம் வரை வேலை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். அந்த ஆசை முற்றிலும் நியாயமானது. அதன் விலை என்னவென்றால், எட்டு வாரம் முன்னதாக, 32-ஆம் வாரத்தில் ஓரளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய பயணம் 37-ஆம் வாரத்துக்குப் போய்விடுகிறது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைக்கும் பணி என்றால், முன்னதாகவே ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்ப்பது நல்ல வழி. கிடைக்காதவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம்: பெண் தாய்வீட்டுக்குப் போவதற்குப் பதில் தாய் பெண் வீட்டுக்கு வரலாம். "முறைன்னு ஒண்ணு இருக்கே" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். பெண்ணுக்குத் தெரிந்த கை, தெரிந்த சமையல், ராத்திரியில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் என்பதுதான் அந்த முறையின் உயிர். அது எந்த வீட்டில் நடந்தாலும் நிறைவேறும். முறைப்படிதான் அனுப்ப வேண்டும் என்றால் ஏழாம் மாதத்திலேயே வளைகாப்பை நடத்தி அனுப்பிவிடுங்கள். அதற்கும் நம் வழக்கத்தில் இடம் இருக்கிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை மட்டும் கிளம்பும் முன் முடித்துவிட வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள மருத்துவரிடம் ஒருமுறை காட்டிப் பதிந்துகொள்ளவும் வேண்டும்.

இனி, நாம் பயப்படாத ஐந்துக்கு வருவோம். அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் இவற்றில் மிகவும் கவனிக்கப்படாதது. கர்ப்பத்தில் ரத்தம் வழக்கத்தைவிட எளிதாக உறையும். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய்விடாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. கூடவே, வளரும் கருப்பை இடுப்புக்குள் ஓடும் பெரிய சிரைகளை, குறிப்பாக இடது பக்கத்துச் சிரையை, அழுத்துகிறது. ஹார்மோன்களால் சிரைகளின் சுவர் தளர்ந்துபோகிறது. இத்தனையும் சேர்ந்து, காலில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு கர்ப்பிணிகளுக்கு மற்றப் பெண்களைவிட நான்கு, ஐந்து மடங்கு. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்யும் எவருக்கும் இந்த வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று கண்டது. விமானம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கார், பஸ், ரயில் எல்லாமே இதில் சேரும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆரோக்கியமான சாதாரணப் பயணிகளில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரும் அபாயம் அது. நான்கு, ஐந்து மடங்கானாலும் சிறியதுதான். தடுக்கும் வழியோ மிக எளிது, செலவும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் "நீ இறங்காதே, உட்கார்ந்திரு, நாங்க வாங்கிட்டு வர்றோம்" என்று அன்போடு சொல்லி, டீக்கடை நிறுத்தத்தில்கூடக் கர்ப்பிணியைக் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் இறங்கி நடக்கிறார்கள், நடக்க வேண்டியவள் மட்டும் நடப்பதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அவள் நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மேலே தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றி இருபது முறை செய்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். பையைக் காலடியில் வைத்துக் கால் நீட்டும் இடத்தை அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தண்ணீர். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்ற ஒரே காரணத்துக்காகக் காலையிலிருந்து ஒரு மடக்குகூடக் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் எத்தனையோ பேர். "குடிச்சா போகணும், போக இடம் எங்கே?" என்ற அந்தக் கேள்விக்கு வெறும் உபதேசம் பதிலாகாது. இது பெண்ணின் அறியாமையால் வந்த பிரச்சினையும் இல்லை, நம் சாலைகளின் குறை. ஆனால் குடிக்காமலும் அடக்கியும் வைத்திருப்பதன் விலையை அவள் உடம்புதான் கொடுக்கிறது. உடலில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும், கருப்பை இறுகி இறுகி வலிக்கும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று. கர்ப்பத்தில் அந்தத் தொற்று சிறுநீரகம் வரை ஏறக்கூடியது, குறைப்பிரசவத்துக்கும் வழிவிடக்கூடியது. எனவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிப்பறையைக் கணக்கில் எடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை இருக்கும். பங்குகளில் பெட்ரோல் போட்டால்தான் அனுமதி என்று எந்த விதியும் இல்லை, தயங்காமல் கேட்கலாம். சுத்தமாக இருக்கும் ஓட்டல்களை முன்பே விசாரித்து, சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். குறுக்குவழி அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்றாலும், நெடுஞ்சாலையே கர்ப்பிணிக்கு நல்ல வழி. பஸ்ஸில் போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே நடத்துநரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சொன்னால் நிறுத்துவார்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கணவரோ அம்மாவோ உடன் வந்தால் அவர்கள் போய்ச் சொல்லலாம். என்னைக் கேட்டால், பஸ்ஸா ரயிலா என்ற கேள்வி இந்த ஒரு விஷயத்திலேயே முடிந்துவிடுகிறது. எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கழிப்பறை கூடவே வருவது ரயிலில்தான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். அசுத்தமான தண்ணீரால் பரவும் மஞ்சள்காமாலை வகைகளில் ஹெபடைட்டிஸ் 'இ' என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அதே கிருமி தொற்றினால், நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்க நேரிடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழியோரத்தில் ஐஸ் போட்ட ஜூஸையும் அறுத்து வைத்த பழத்தையும் தட்டிக்கழிக்கக் கண்ணுக்குத் தெரியும் கரி, தூசி எல்லாம் ஒரு காரணமே இல்லை. அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதுதான் காரணம். வீட்டில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டில், கூடவே வீட்டு மோர், சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர், கண்ணெதிரே வெட்டிய இளநீர் இவை போதும். சர்க்கரை இருப்பவர்கள் இளநீரை மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவுக்கு நம் ஊர் இட்லியைப் போல வழித்துணை வேறில்லை. ஆவி பறக்க இறக்கிய இட்லியை எந்த ஊர் ஓட்டலிலும் நம்பிச் சாப்பிடலாம். அதோடு வரும் தேங்காய்ச் சட்னியில் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கும் என்பதால் சூடான சாம்பாரைத் தொட்டுக்கொள்வது மேல்.

மூன்றாவது, சீட் பெல்ட். "வயித்தை அழுத்திடுமே, பிள்ளைக்கு ஆகாதே" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் ஆட்சேபணை. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விபத்தில் வயிற்றுக் குழந்தை இறப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் தாயின் மரணம். இன்னொன்று நஞ்சுக்கொடி பிரிந்துபோவது. கருப்பையின் தசை ரப்பரைப் போல இழுபடும், நஞ்சுக்கொடி இழுபடாது. வண்டி திடீரென்று மோதி நிற்கும்போது கருப்பை உருமாறி மீள்கிறது, ஒட்டியிருந்த நஞ்சுக்கொடி சுவரிலிருந்து உரிந்துவருகிறது. பெல்ட் போடாத பெண்ணின் வயிறு முன்சீட்டிலோ டேஷ்போர்டிலோ போய் மோதும்போது இது நேரும் வாய்ப்பு பல மடங்கு. பெல்ட் அழுத்தும் என்ற பயத்துக்கான பதில் அதைப் போடும் முறையில் இருக்கிறது. இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் போடக் கூடாது. வயிற்றை ஒரு கையால் லேசாக மேலே ஏந்திக்கொண்டு, பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடையின் மேல்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் படியவிட வேண்டும். தோளில் வரும் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் வளைந்து போக வேண்டும். கக்கத்துக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ அதைத் தள்ளிவிடக் கூடாது. இரண்டையும் தொய்வில்லாமல் இழுத்துவிட்டால் வயிற்றின் மேல் ஒரு பட்டையும் இருக்காது, எலும்புகள்தான் பாரம் தாங்கும்.

பின்சீட்டில்தானே உட்காருகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார்களில் அந்தப் பெல்ட்டின் கொக்கி பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். காலையில் கிளம்பும் அவசரத்தில் தேடினால் கிடைக்காது. வண்டியைப் பேசும்போதே, பின்பக்க பெல்ட்டை எடுத்து வைத்திருக்கச் சொல்லிவிடுங்கள். இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிம்மதியாகப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று பின்சீட்டு முழுவதையும் கர்ப்பிணிக்குக் கொடுத்து, தலையணை வைத்துப் படுக்க வைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தால் அவளைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவுமே இல்லை. அவள் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு தலையணை வைத்துக்கொள்ளட்டும். படுக்க வேண்டும் என்றால் அதற்கு ரயில் இருக்கிறது. சிறிய மோதல்தானே, அடி ஒன்றும் படவில்லையே என்று வீட்டுக்குத் திரும்பிவிடவும் கூடாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நஞ்சுக்கொடி பிரியலாம். ஐந்து மாதம் தாண்டியவர்கள் குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது நான்கு மணி நேரமாவது மருத்துவமனையில் கண்காணிக்கச் செய்ய வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று இருக்கிறது.

இதே காரணத்தால்தான் இருசக்கர வண்டியைப் பற்றி என்னால் ஆறுதலாக எழுத முடியவில்லை. அங்கும் வேகத்தடையில் தூக்கிப்போடுவதற்கே எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான அபாயம் கீழே விழுவது. வயிறு வளர வளர உடலின் சமநிலை முன்னால் நகர்கிறது. அந்த நிலையில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, ஒரு கையால் கணவரின் தோளையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பிடிமானம் என்று எதுவும் மிஞ்சாது. வேறு வண்டி வசதியில்லாத வீடுகள் ஏராளம் என்பது தெரியும். அவர்களிடம் கேட்பது இதுதான்: டவுன் பஸ் கிடைக்கும் வழியில் பஸ்ஸில் போங்கள். தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பைக்கில்தான் போயாக வேண்டும் என்றால் சுடிதாரில் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட் அணிந்து, மெதுவாகப் போங்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அதையும் விட்டுவிடுங்கள்.

நான்காவது வெயில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் காட்டியது. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் நாள்தோறும் வேகும் உழைப்பை ஒரு நாள் பயணத்தோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் மே மாத நண்பகலில், ஜன்னலில் அனல் அடிக்கும் பஸ்ஸில் ஆறு மணி நேரம் போவது வெறும் அசௌகரியம் இல்லை என்பதை அது உணர்த்துகிறது. ராகுகாலம் பார்ப்பவர்கள் வெயில்காலத்தையும் பாருங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்குள் போய்ச் சேரும் தூரம் என்றால் கார் நல்லது. அதைவிட நீண்ட தூரத்துக்கு இரவு ரயில்.

ரயிலில் கர்ப்பிணிகளுக்கென்று லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. மூத்த குடிமக்கள், 45 வயது கடந்த பெண்கள் ஆகியோரோடு சேர்ந்த பொது ஒதுக்கீடு அது. ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறு, ஏழு படுக்கைகள் இதற்காக உண்டு. மருத்துவரின் சான்றிதழோடு முன்பதிவு கவுண்டருக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். அப்படியும் மேல்படுக்கை வந்துவிட்டால், வண்டி கிளம்பிய பின் காலியாக இருக்கும் கீழ்ப்படுக்கையைத் தரும்படி டிக்கெட் பரிசோதகரிடம் கேட்கலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது. பெட்டியின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. சக்கரங்களின் மேல் இருக்கும் இரண்டு கோடியிலும் அதிகம். பணம் இடம் கொடுத்தால் இரண்டாம் வகுப்பு ஏசி நல்லது. அங்கே நடுப்படுக்கை கிடையாது, ராத்திரியில் எழுந்து உட்காரும்போது கூனிக் குறுக வேண்டாம். ஒருக்களித்து, முடிந்தால் இடப்பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே போர்வையை மடித்து வைத்துப் படுங்கள். எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். கழிப்பறைக்கு யாரையாவது எழுப்பிக்கொண்டு போங்கள். பெட்டிகள் இணையும் அந்த ஆட்டத்தில், ஈரத் தரையில், தூக்கக் கலக்கத்தில் வழுக்குவதுதான் ரயிலின் பெரிய அபாயம்.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் நம்மவர்களின் பயத்துக்கும் உண்மைக்கும் இங்கே தூரம் மிக அதிகம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் கர்ப்பிணிகள் வாழ்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். கருவின் ரத்தம் ஆக்ஸிஜனைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் தன்மை உள்ளது. கடுமையான ரத்தசோகை, இதயநோய் இருப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டு ஏற வேண்டும். நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 52.2 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை இருப்பதால் கிளம்பும் முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. பல விமான நிறுவனங்கள் 28 அல்லது 32 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் கடிதம் கேட்கும், 36-க்குப் பிறகு ஏற்றிக்கொள்ளாது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பே விதியைப் படியுங்கள். திரும்பி வரும் தேதியில் எத்தனை வாரம் இருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒன்றரை மணி நேர விமானம், எட்டு மணி நேரக் காரைவிடக் கர்ப்பிணிக்கு எல்லா வகையிலும் இலகுவானது.

ஐந்தாவது, வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பது. பயணத்தை முற்றிலும் தவிர்ப்பதே பாதுகாப்பு என்று சொல்பவர்களின் வாதத்தில் உள்ள உண்மை இதுதான். ரத்தப்போக்கோ வலிப்போ வீட்டில் இருந்தாலும் வரலாம். வீட்டில் வந்தால் எங்கே போவது என்று தெரியும், நெடுஞ்சாலையில் தெரியாது. அதற்கு விடை பயணத்தை நிறுத்துவது அல்ல, தெரிந்துவைத்துக்கொள்வது. சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் விழுப்புரம், திருச்சி, மதுரை மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மகப்பேறு அறுவை சிகிச்சை, ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் இருக்கும் இடங்கள். இப்படி உங்கள் பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது "கர்ப்பிணி, இத்தனை வாரம், இந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே" என்று சொன்னால் வண்டி சீக்கிரம் வரும். அதற்கு வழியில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே போகும் ஒருவர் காரில் வேண்டும். ரயிலில் 139-ஐ அழைத்தால் அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவர் வர ஏற்பாடு செய்வார்கள்.

வழியில் உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் கேட்கப்போவதை ஒரு கைப்பையில் தனியாக வையுங்கள், பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வேண்டாம். தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண், ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஸ்கேன் அறிக்கை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாத மருந்து இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து உடன் வருபவரின் போனிலும் அனுப்பி வையுங்கள். பனிக்குடம் உடைந்து நீர் கசிவது, சிறிதளவேனும் ரத்தம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வரும் வலி, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டக் கூடாது. அடுத்த மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள். சூட்டு வலியாக இருந்து திரும்பி வந்தால் ஒரு மணி நேரம் நஷ்டம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. பிரசவம் முடிந்து, குழந்தையோடு கணவர் வீட்டுக்குத் திரும்பும் பயணம். கவலை முழுவதும் குழந்தையின் மேல் போய்விடுவதால், தாயை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு கர்ப்பகாலத்தைவிடப் பிரசவத்துக்குப் பின் வரும் ஆறு வாரங்களில்தான் மிக அதிகம், சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். தமிழகத்தில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ஆகவே நீண்ட திரும்பு பயணத்தை ஆறு வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. முன்பே போக நேர்ந்தால் நடப்பது, கணுக்கால் அசைப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அப்படியே தொடர வேண்டும். பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் தேவை. பெல்ட்டைத் தையலுக்கு மேல் ஒரு மெல்லிய துண்டு வைத்துப் போடலாம். தன் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளக் கூடாது, மோதலில் தாயின் பாரமே அதை நசுக்கிவிடும். கைக்குழந்தைக்கான தனி இருக்கை கிடைத்தால் அதைப் பின்சீட்டில் பின்நோக்கி மாட்டுங்கள். ஊர் திரும்பிய இரண்டு, மூன்று வாரத்துக்குள் கால் வீங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மருத்துவரிடம் போய், பிள்ளை பெற்று எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்தீர்கள் என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.